பன்னிரண்டு வினாடி வேலை

ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை, பகல் மணி 12.10. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நல்ல வெயில், மைனஸ் பத்தொன்பது டிகிரி. மான்ட்ரியலின் வில்லரே பகுதியில் என் மகள் வித்யா குடியிருக்கும் மாடி வீட்டின் பின்பக்க பால்கனியில், இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டுமாக, கையில் எவர்சில்வர் தட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே பத்து மாதப் பேரன் தூங்குகிறான். அடுப்பில் குக்கர். வீட்டில் வேறு யாரும் இல்லை.

எனக்கு வயது எழுபத்து மூன்று. திருச்சியில் பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் கட்டடம், பாலம், வாய்க்கால் என்று அளவெடுத்து எழுதிய ஆள். இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்தக் கணக்கும் இவ்வளவு மோசமாகத் தவறியதில்லை.

இங்கே வந்ததே பேரன் இனியனுக்காகத்தான். வித்யாவின் பிரசவ விடுப்பு முடிந்து, பிப்ரவரி 3 அன்று அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே எல்லோரும் கார்டெரி என்கிறார்கள். அரசு உதவியுள்ள கார்டெரியில் இடம் கிடைக்க ஆகஸ்ட் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். இடையில் ஆறு மாதம். என் விசாவும் ஆறு மாதம். கணக்கு சரியாக இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன். வித்யா, "தனியா சமாளிப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. தனியாக நான் எதைத்தான் சமாளிக்கவில்லை?

வந்த முதல் நாளே ஒரு அதிர்ச்சி. ஜன்னலில் பளீரென்று வெயில். நம் ஊர் வழக்கப்படி, இன்றைக்கு வெளியே போகலாம் என்று எழுந்தேன். மாப்பிள்ளை கார்த்திக் சிரித்துவிட்டு, மேகம் இருந்தால்தான் மாமா கொஞ்சம் சூடாக இருக்கும், வெயில் அடித்தால் கொல்லும் என்றார். சூரியனை நம்ப முடியாத ஊரில் வேறு எதை நம்புவது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் பால் வாங்கக் கிளம்பினேன். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, கழுத்துக்கு, தலைக்கு, கைக்கு, கடைசியில் பூட்ஸ். மொத்தம் பத்து உருப்படி, உடுத்த பதினான்கு நிமிடம். கடைக்குப் போய்வர ஒன்பது நிமிடம். டெப்பனர் என்று அழைக்கப்படும் அந்தத் தெருமுனைக் கடையில் பாலை நம் ஊர் மாதிரியே பையில் அடைத்து விற்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் நான்கு லிட்டரை மூன்று பையில் போட்டிருக்கிறார்கள். ஒரு பைக்கு ஒன்றரை லிட்டரும் இல்லை, ஒன்றே கால் லிட்டரும் இல்லை. நான்கை மூன்றால் வகுத்துப் பால் விற்கும் ஜனங்களை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

நான்காம் நாள் பேருந்து. என் நிறுத்தம் வந்ததும் பின்கதவு அருகே போய் நின்றேன். வண்டி நின்றது, கதவு திறக்கவில்லை. ஓட்டுநர் திறப்பார் என்று மரியாதையாகக் காத்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. மூன்றாவது நிறுத்தத்தில் பின்னால் இருந்த நாலைந்து பேர் பிரெஞ்சில் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள். திறந்தது. தள்ள வேண்டுமாம். அறுநூற்று இருபது அடி உறைபனியில் நடந்து திரும்பினேன்.

கீழ்வீட்டுக்காரர் சிவநேசனை அன்றுதான் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், இந்த ஊருக்கு வந்து முப்பது வருடமாகிறது. ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை வேலை, பதினொன்றரைக்கு வீடு திரும்பிவிடுவார். முழங்கால் வரை பனியோடு நான் வருவதைப் பார்த்ததும் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த, சவள் என்று அவர் சொல்லும் மண்வாரியைச் சாத்திவைத்துவிட்டு, என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தார். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பாலாடைக்கட்டியைப் போட்டு, அதன் தலையில் கொதிக்கிற குழம்பை ஊற்றிய ஒரு தட்டையும் வைத்தார். மொறுமொறுப்பாக ஒன்றைச் செய்துவிட்டு உடனே அதை நனைப்பானேன் என்று கேட்டேன். "ஐயா, இது கியூபெக். இஞ்ச கேள்வி கேக்கிறேல்ல, சாப்பிடுறது" என்றார். கட்டிகள் பல்லில் கீச் கீச்சென்று சத்தம் போட்டன. பதினொன்று சாப்பிட்டேன்.

குழந்தையை என்னிடம் தனியாக விடுவதற்கு முன் வித்யா ஒரு ஒத்திகை பார்க்க நினைத்தாள். வேலைக்குத் திரும்புவது பற்றிப் பேச அலுவலகத்தில் 28ஆம் தேதி அவளுக்கு மூன்று மணி நேர வேலை இருந்தது. கார்த்திக் அப்போது டொராண்டோவில். பத்தரைக்குப் போய் ஒன்றரைக்கு வந்துவிடுவேன் என்றாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டினாள். பதினான்கு குறிப்புகள். மருத்துவர் எண், பால் சூடு, துணி மாற்றும் விதம், கதவுகளைத் திறந்து வைக்கக் கூடாது, சூடு போய்விடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

அன்றைக்குத் தை அமாவாசை. திருச்சியில் அது மறுநாள், புதன்கிழமை. என் தம்பி போனில் சண்டைக்கே வந்தான். பஞ்சாங்கத்தில் திதி தொடங்கும் நேரத்தையும் பத்தரை மணி வித்தியாசத்தையும் வைத்துக் கழித்துப் பார்த்ததில், மான்ட்ரியலில் நடுப்பகலில் அமாவாசை இருப்பது செவ்வாய்க்கிழமைதான். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும், நான்கு வருடமாக என் மனைவிக்கும், காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் அன்று நான் வாயில் பருக்கை போடுவேன். வித்யாவிடம் சொல்லவில்லை. அவள் தாளில் பதினைந்தாவது குறிப்பாக அதையும் எழுதி, அதற்கு ஒரு நிபந்தனையும் போடுவாள் என்று தோன்றியது.

பதினொன்று நாற்பதுக்கு இனியன் தூங்கினான். வழக்கமாக ஒரு மணி இருபது நிமிடம் தூங்குவான். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசினேன். சாம்பாருக்குத் துவரம்பருப்பைச் சின்னக் குக்கரில் வைத்தேன். இந்த மின்சார அடுப்பு சூடேறவே நேரமாகிறது என்று குமிழைத் திருகிக் கடைசி எண்ணான ஒன்பதில் வைத்தேன். நாலு விசில் போதும். ஒன்று வந்துவிட்டது.

சோற்று உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். கதவைத் திறக்க இரண்டு வினாடி, நாலு அடி நடக்க மூன்று, கைப்பிடியில் உருண்டையை வைத்துக் காகத்தைக் கூப்பிட நாலு, திரும்ப மூன்று. பன்னிரண்டு வினாடி. இதற்குப் பதினான்கு நிமிடம் உடுத்த வேண்டுமா? வித்யாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், அவள் எழுதியிருந்தபடியே கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன்.

க்ளிக் என்றது.

நம் வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தினால் அது சாத்தியிருக்கும், அவ்வளவுதான். பூட்டவேண்டுமென்றால் யாராவது பூட்ட வேண்டும், தாழிடவேண்டுமென்றால் உள்ளே ஒரு கை வேண்டும். எழுபத்து மூன்று வருடமாகக் கதவுகள் என்னிடம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கின்றன. யாரும் தொடாமல் ஒரு கதவு தானே பூட்டிக்கொள்ளும் என்பது என் புத்தியில் எந்த மூலையிலும் இல்லை. திருகினேன். தள்ளினேன். தோளால் இடித்தேன். கண்ணாடி வழியே சமையலறை மேடை தெரிந்தது. மேடையில் என் போன்.

இரண்டாவது விசில் வந்தது.

குளிர் முதலில் குளிராகத் தெரியவில்லை. யாரோ முதுகில் பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. ஈரத் துண்டு ஒரு நிமிடத்தில் அட்டையாகிவிட்டது. கைக்கடிகாரத்தை மட்டும் நான் கழற்றியிருக்கவில்லை. 12.12.

பால்கனியிலிருந்து கீழே சந்துக்கு ஒரு இரும்புச் சுழல்படி போகிறது. குளிர்காலத்தில் அதை யாரும் உபயோகிப்பதில்லை. படி எது, பனி எது என்று தெரியாமல் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடியிருந்தது. ஒரு காலை வைத்தேன், முழங்கால் வரை போயிற்று. விழுந்தால் எனக்கு என்ன ஆகும் என்பதைவிட, நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது பயமாக இருந்தது. காலை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது விசில். தட்டை எடுத்து இரும்புக் கைப்பிடியில் அடிக்க ஆரம்பித்தேன்.

சந்துக்கு அந்தப் பக்கத்து பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாயில் சிகரெட்டோடு எட்டிப் பார்த்தார். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். நெற்றியில் சாம்பலும் வெற்று மார்புமாக ஒரு கிழவன் தட்டைப் போட்டு அடிப்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. நான் ஆங்கிலத்தில் குழந்தை, அடுப்பு, கதவு என்று கத்தினேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினேன். சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போனார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நாலாவது விசில். பருப்பு வெந்துவிட்டது. இனி வருவதெல்லாம் தண்ணீர்க் கணக்கு. இரண்டரை டம்ளர் ஊற்றியிருந்தேன்.

ஐந்தாவது விசிலுக்குப் பிறகு கீழே கதவு திறந்து சிவநேசன் தலை தெரிந்தது. வேலை முடிந்து படுத்தவர், தட்டுச் சத்தத்தில் எழுந்திருக்கிறார்.

"ஐயா, என்ன செய்யிறியள் அங்க? உள்ளுக்குப் போங்கோ."

"கதவு பூட்டிக்கிச்சு. குழந்தை உள்ள இருக்கான், தம்பி. அடுப்பு எரியுது."

அவர் சவளோடு வந்து கீழிருந்து ஒவ்வொரு படியாகப் பனியைத் தள்ளிக்கொண்டே ஏறினார். பத்தொன்பது படி. மேலே வந்ததும் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டு, தொப்பியைத் தலையில் கவிழ்த்தார். 12.17. வித்யாவைப் போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். முன்கதவும் பூட்டியிருக்கிறது; இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது, அவர் இருப்பது லவாலில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். வர அரை மணி நேரமாவது ஆகும்.

ஆறாவது விசில், ஏழாவது விசில். ஏழாவது நீளமாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. விசில் வந்தவரை தண்ணீர் இருந்தது. இப்போது இல்லை.

கைப்பிடியில் வைத்திருந்த சோற்று உருண்டையை ஒரு கறுப்பு அணில் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆட்டுக்குட்டியில் பாதி இருக்கும் அந்த அணில். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

12.22க்கு உள்ளே புகை மணி அலறியது. அதற்குள்ளிருந்து மெதுவாக இனியனின் அழுகை கிளம்பியது.

"உடைங்க தம்பி."

"ரெட்டைக் கண்ணாடி ஐயா, விலை கூட. முன்வீட்டு மனிசி போனோட நிக்கிறா, தீயணைப்புக்கு அடிச்சிட்டா எண்டு நினைக்கிறன். இப்ப வந்திடுவினம்."

"உடைங்க."

சவளின் முதல் அடியில் வெளிக் கண்ணாடியில் நூல் நூலாக விரிசல் ஓடிற்று. மூன்றாவதில் அது கொட்டியது. உள் கண்ணாடிக்கு இன்னும் இரண்டு. சிவநேசன் கையை உள்ளே விட்டுத் தாழைத் திருப்பினார். 12.24.

சமையலறை புகையில் நரைத்துப்போயிருந்தது. அவர் அடுப்பை அணைத்துக் குக்கரை அப்படியே தூக்கிப் பனியில் எறிந்தார். நான் முன்னறைக்கு ஓடினேன். இனியன் தொட்டிலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். அவன் தானாக நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் முழுதும் கண்ணீரும் மூக்குச் சளியும். தூக்கினேன். என் கை அவ்வளவு குளிர்ந்திருந்ததால் அதிர்ந்துபோய் இன்னும் பலமாகக் கத்தினான். கோட்டுக்குள்ளே அவனைத் திணித்துக்கொண்டு முன்வாசல் கதவருகே உட்கார்ந்தேன்.

தீயணைப்புக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள்தான் அழைத்திருக்கிறார். நான்கு பேர் புகையையும் அடுப்பையும் பார்த்தார்கள். ஐந்தாவது ஒரு பெண். குழந்தையின் கால்விரலில் ஒரு கருவியை மாட்டி மூச்சைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, என் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெதுவெதுப்பான துணியைச் சுற்றினாள். யாரோ ஒரு பெண், சீருடையில், என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

அவள் பிரெஞ்சில் கேட்டதைச் சிவநேசன் எனக்குத் தமிழில் சொன்னார். குழந்தை எத்தனை நேரம் தனியாக இருந்தான்?

"பதினாலு நிமிஷம்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு சிவநேசன் உடைந்த கதவுக்கு அட்டை ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் ஐயா அப்பிடிக் கணக்காச் சொன்னனீங்கள்? கொஞ்ச நேரம் எண்டு சொன்னா அவவும் கொஞ்ச நேரம் எண்டு எழுதியிருப்பா."

"பதினாலுதானே ஆச்சு."

"ஓம், பதினாலுதான். பேந்து பிள்ளைகளைப் பாதுகாக்கிற அரசாங்கச் சனம் வந்து விசாரிச்சா அதையும் நீங்கள் கணக்காச் சொல்லுவியள்."

யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஆனால் அன்று மதியம் முழுக்கக் கீழே கார் கதவு சாத்தும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

வித்யா ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தாள். கதவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் வைத்திருந்தேன்: குறிப்பில் இல்லை, பதினான்கில் ஒன்றுகூடப் பின்கதவுப் பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவளோ என்னை உட்காரவைத்து என் கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"காக்கா எடுத்துதா?"

"அணில்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் தோள் குலுங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை கார்த்திக் டொராண்டோவிலிருந்து வந்தார். அவரும் திட்டவில்லை. இந்த வீட்டில் யாராவது ஒருவர் என்னைத் திட்டினால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். எதிர்வீட்டு அம்மாள் ஒரு பாத்திரத்தில் பட்டாணி சூப்பு கொண்டுவந்தார். அவரை நானும் என்னை அவரும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். மாமிசம் போட்டிருக்குமோ என்று கேட்க வாய் வரவில்லை, இரண்டு கரண்டி குடித்தேன். வியாழக்கிழமை கண்ணாடிக்காரன் வந்து நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தான். தானே பூட்டிக்கொள்ளும் பூட்டை எடுத்துவிட்டு வேறு பூட்டையும் போட்டுவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வித்யா அறைக்குள் நின்றுகொண்டு நெடுநேரம் பிரெஞ்சில் பேசினாள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. கார்டெரி. நாலு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை, பிப்ரவரி 3, காலை ஏழே முக்காலுக்கு வித்யா, இனியன், நான் மூன்று பேரும் கிளம்பினோம். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அரசு உதவி இல்லாத இடம், அதனால் உடனே கிடைத்திருக்கிறது. உள்ளே ஆறு சின்னக் கொக்கிகள். ஆறாவதில் ஏற்கெனவே இனியன் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அவளிடம் போனதும் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

ஒரு படிவம் கொடுத்தாள். மாலையில் வந்து குழந்தையைக் கூட்டிப்போக அனுமதியுள்ளவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத யாரிடமும் குழந்தையைத் தரமாட்டார்கள். நாலு கோடு போட்டிருந்தது. நான் வித்யாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதில் கார்த்திக் பெயர். மூன்றாவதில் கொஞ்சம் நிறுத்தி, சிவநேசன் என்று எழுதி அவர் போன் எண்ணைப் பார்த்துப் போட்டாள். நாலாவது கோட்டின் மேல் பேனா நின்றது. எனக்குக் கேட்கும்படி மூச்சு விட்டாள். பேனாவை மூடிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் கேட்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பதினாலு நிமிஷம் என்று வாயால் சொன்னவன் நான்.

முதல் மாதப் பணத்தை வித்யா எடுக்கப் போனபோது அவள் கையைத் தடுத்துவிட்டு, உள்சட்டைப் பையிலிருந்து நான் கொண்டுவந்த உறையை எடுத்தேன். அந்தப் பெண்மணி ரசீது எழுதினாள். நாளுக்கு அறுபத்து நான்கு வீதம் இருபது நாள், ஆயிரத்து இருநூற்று எண்பது. கண்ணாடிக்கும் பூட்டுக்கும் வியாழக்கிழமையே நான் கொடுத்தது முந்நூற்று எழுபத்திரண்டரை. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு டாலர் ஐம்பது சென்ட்.